வரலாற்றுக்கு லக்னம் உண்டா?

தனி மனிதனின் ஜாதகத்தைக் கணிக்கப் பிறந்த தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மனித குலத்தின் ஜாதகத்தைக் கணிக்க முனைந்தவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லக்னமும் ஜன்ம நட்சத்திரமும் தெரியாத இடத்தில் பாவகங்களும் இல்லை, தசாபுத்தியும் இல்லை. ஆனாலும் வரலாற்றுக்குப் பலன் சொல்லும் ஆசை ஜோதிடர்களை விட்டதே இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதிய பெரோசஸ், பிரளயத்துக்கு முந்தைய மன்னர்கள் 4,32,000 ஆண்டுகள் ஆண்டதாகக் குறிக்கிறார். நம் புராணங்கள் கலியுகத்துக்குக் கொடுக்கும் அளவும் அதே 4,32,000தான். யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மனித வாழ்வை வானத்தின் பெரிய எண்களோடு முடிச்சுப்போடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதுமான சாட்சி.

நான் ஜோதிடத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். கட்டம் போடவும் பஞ்சாங்கமும் எபிமெரிஸும் (கிரக நிலை அட்டவணை) பார்க்கவும் தெரிந்த, இந்தத் துறையின் வரலாற்றில் தீராத ஆர்வம் கொண்ட வாசகன் என்ற அளவில்தான் எழுதுகிறேன். யுகக் கணக்கு, குரு–சனி சேர்க்கை, சம இரவுப் புள்ளியின் மெதுவான நகர்வாகிய அயன சலனம் என்ற மூன்று கருவிகளைக் கொண்டே உலக வரலாற்றுக்கும் ஆன்மிகப் பரிணாமத்துக்கும் ஜோதிடர்கள் விளக்கம் சொல்லிவந்திருக்கிறார்கள். மூன்றிலும் வானத்துப் பக்கத்துக் கணக்கு பெரும்பாலும் கறாராக இருக்கிறது. மனிதப் பக்கத்துக் கணக்குதான் எழுதுபவரின் காலத்துக்கும் கவலைக்கும் ஏற்ப வளைகிறது என்பதே என் எண்ணம்.

முதலில் குரு–சனி சேர்க்கையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைத்தான் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தொலைநோக்கி இல்லாமல் பார்க்கக்கூடிய கிரகங்களில் மிக மெதுவாக நகர்பவை குருவும் சனியும். ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர குருவுக்கு ஏறக்குறைய 11.86 ஆண்டுகளும் சனிக்கு 29.46 ஆண்டுகளும் ஆகின்றன. ஆகவே சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை குரு சனியை எட்டிப் பிடிக்கிறது. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுழற்சிக்குள் குருவின் 5 சுற்றுகளும் சனியின் 2 சுற்றுகளும் இத்தகைய சேர்க்கைகள் மூன்றும் ஏறத்தாழ அடங்கிவிடுகின்றன. ஒரு சேர்க்கை நடந்த ராசியிலிருந்து எண்ணினால் அடுத்த சேர்க்கை ஒன்பதாம் ராசியில் நடக்கும்; அதாவது ஒன்று, ஐந்து, ஒன்பது என்ற திரிகோணத்துக்குள்ளேயே சுற்றிவரும். திரிகோண ராசிகள் மூன்றுக்கும் பூதம் (நெருப்பு, நிலம், காற்று, நீர் என்ற நான்கில் ஒன்று) ஒன்றே என்பதால், ஏறக்குறைய 200 ஆண்டுகள் சேர்க்கைகள் அனைத்தும் நெருப்பு ராசிகளிலேயே நடக்கும். பிறகு சிறிது சிறிதாக நகர்ந்து நில ராசிகளுக்கும், அடுத்து காற்று ராசிகளுக்கும், கடைசியில் நீர் ராசிகளுக்கும் மாறும்.

இந்த நேர்த்தியான வடிவத்தின் மீது ஒரு வரலாற்றுத் தத்துவத்தையே எழுப்பியவர்கள் சாசானிய பாரசீக மரபிலிருந்து கற்ற பாக்தாத் ஜோதிடர்கள். கி.பி. 762இல் பாக்தாத் நகரத்துக்கு முகூர்த்தம் குறித்துக்கொடுத்தவர்களில் ஒருவரான மாஷா அல்லாஹ்வும், 886இல் மறைந்த அபூ மஷரும் இந்த முறையை விரிவாக எழுதிவைத்தார்கள். 20 ஆண்டுச் சேர்க்கை ஆட்சியாளர்களின் மாற்றத்தைக் காட்டும்; பூதம் மாறும் சேர்க்கை வம்சங்களின் மாற்றத்தைக் காட்டும்; நான்கு பூதங்களும் ஒரு சுற்று முடிந்து மீண்டும் மேஷத்தில் தொடங்கும் சேர்க்கை தீர்க்கதரிசிகளையும் புதிய சமயங்களையும் கொண்டுவரும் என்பது அவர்கள் வகுத்த வரிசை. 571இல் காற்று ராசிகளிலிருந்து நீர் ராசிக்கு மாறி விருச்சிகத்தில் நிகழ்ந்த சேர்க்கையை இஸ்லாத்தின் எழுச்சிக்குரிய அறிகுறியாகக் கொண்டார்கள். இதை எழுதியவர்கள் அந்தச் சேர்க்கைக்கு இரண்டு நூற்றாண்டுகள் பிந்தியவர்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அபூ மஷர் உலகப் பிரளயத்துக்குக் குறித்த தேதி கி.மு. 3102 பிப்ரவரி. கலியுகம் தொடங்கியதாக நம் பழைய வானியல் நூல்களான சித்தாந்தங்கள் கொள்வதும் அதே தேதிதான். இங்கே கலி பிறக்கிறது, அங்கே வெள்ளம் வருகிறது. அடியில் இருப்பது ஒரே கணக்கு. எல்லாக் கிரகங்களும் மேஷத்தின் தொடக்கத்தில் ஒன்றுகூடிய நாள் அது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. இன்றைய வானியலைக் கொண்டு பின்னோக்கிக் கணித்துப் பார்த்தால் அன்று கிரகங்கள் 40 பாகைக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. கிரகங்களின் சராசரி வேகத்தைக் கொண்டு, கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் பின்னோக்கிப் போட்ட கணக்கிலிருந்தே அந்தத் தேதி கிடைத்தது என்பது வானியல் வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. கணித ஆற்றலாகப் பார்த்தால் அது வியப்புக்குரிய சாதனை. அன்று நேரில் கண்டு குறித்துவைத்த செய்தியாக அதைக் கொள்வதற்கு இடமில்லை.

இந்தச் சேர்க்கைக் கோட்பாடு ஐரோப்பாவுக்குப் போய் அங்கே பெற்ற வெற்றியும் தோல்வியும் இரண்டுமே பாடமானவை. பிரெஞ்சுக் கர்தினாலான பியர் தாய்யி 1414இல் எழுதியபோது, உலகம் அதுவரை நிலைத்திருக்குமானால் 1789ஆம் ஆண்டில் பெரும் மாற்றங்கள் நிகழும் என்று குறித்தார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு அதுவேதான். இன்றும் ஜோதிட மேடைகளில் இந்தக் கணிப்பு மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் அந்தக் காலத்தையொட்டி அந்திக்கிறிஸ்துவின் வருகையை எதிர்பார்த்தார் என்ற மீதிப் பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர் எழுதிய காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை ஒன்றுக்கு மேற்பட்ட போப்புகளுக்கிடையே பிளவுபட்டுக் கிடந்தது. இந்தப் பிளவுதான் உலக முடிவின் அறிகுறியோ என்ற அச்சம் அவரை அரித்தது. முடிவை ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் தள்ளிவைத்த அந்தக் கணக்கு அவருக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தோல்வி 1524இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மீன ராசியில் கிரகங்கள் திரளும் என்பதை ஜெர்மானிய வானியலாளர் யோஹான்னஸ் ஸ்டோஃப்லர் 1499இலேயே தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருந்தார். நீர் ராசியில் இவ்வளவு கிரகங்கள் கூடினால் இரண்டாம் பிரளயம் வராமல் இருக்குமா? அச்சு இயந்திரம் பரவிவிட்ட காலம். வெள்ளம் வரும் என்றும் வராது என்றும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு வெளியீடுகள் குவிந்தன. அவற்றில் லியோன்ஹார்ட் ரெய்ன்மன் என்பவரின் 1523ஆம் ஆண்டு வெளியீட்டின் முகப்பு மரவெட்டுப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மீன் மிதக்கிறது. அதன் வயிற்றுக்குள் நட்சத்திரங்களைப் போலக் கிரகங்கள் கிடக்கின்றன. வயிற்றிலிருந்து கொட்டும் நீர் கீழே உள்ள ஊரை மூழ்கடிக்கிறது. ஆனால் கண்ணை இழுப்பது மீன் அன்று. படத்தின் ஒரு பக்கத்தில் ஆயுதமும் கொடியுமாகத் திரண்டு நிற்கும் குடியானவர்களும், அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பேரரசரும் மதகுருமார்களும்தான்.

குறித்த மாதத்தில் பிரளயம் வரவில்லை. ஆனால் 1524இன் பிற்பகுதியில் தொடங்கி 1525இல் உச்சமடைந்த ஜெர்மானிய விவசாயிகள் எழுச்சி வந்தது. வெள்ளம் என்றால் மக்கள் வெள்ளம் என்று பொருள் சொல்லி ஜோதிடம் தப்பித்துக்கொள்ள வழி பிறந்தது. ரெய்ன்மனின் படம் எழுச்சிக்கு முன்பே வந்தது என்பதால் அவரைப் பிற்பாடு பலன் திருத்தியவர்களோடு சேர்த்து ஒதுக்கிவிட முடியாது. இருப்பினும், அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது மீனம் என்று நான் நம்பவில்லை. வரிச்சுமையும் நிலப்பிரபுக்களின் கெடுபிடியும் தென் ஜெர்மனியில் எத்தனையோ ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தன; கண்ணும் காதும் உள்ள எவருக்கும் அது தெரிந்திருக்கும். நாடுகளுக்கும் உலகுக்கும் பலன் சொல்லும் உலகியல் ஜோதிடத்தில் பலித்த கணிப்புகள் பலவற்றை அலசினால், கிரகத்தை விடத் தெருவை நன்றாகப் பார்த்த ஒருவர்தான் பின்னால் இருப்பார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் ஏறக்குறைய ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கி நின்றபோது, மேற்கத்திய ஜோதிடர்கள் நில யுகம் முடிந்து காற்று யுகம் பிறந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் சாயன முறைப்படி அந்தச் சேர்க்கை கும்பத்தில் நிகழ்ந்தது. நிலக்கரி, இரும்பு, தொழிற்சாலை, சொத்து, மூலதனம் ஆகியவற்றால் ஆன இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து, இனி தகவலும் வலைப்பின்னலும் ஆளும் காலம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கேட்பதற்கு மிகப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1842, 1861, 1881, 1901 ஆகிய ஆண்டுகளின் சேர்க்கைகள் சாயனத்தில் முறையே மகரம், கன்னி, ரிஷபம், மகரம் என நில ராசிகளிலேயே நடந்திருக்கின்றன.

இதே நான்கு சேர்க்கைகளிலிருந்தும் லாஹிரி அயனாம்சத்தை (இரு முறைகளுக்கும் இடையிலான பாகை வித்தியாசத்துக்கு இந்தியாவில் வழங்கும் ஓர் அளவு) கழித்து, நட்சத்திரங்களை வைத்து ராசிகளை அளக்கும் நிராயணத்துக்கு மாற்றிப் பாருங்கள்: தனுசு, சிம்மம், மேஷம், தனுசு. நான்கும் நெருப்பு ராசிகள். நீராவி இயந்திரமும் இரும்பு உலையும் ரயிலும் கோலோச்சிய நூற்றாண்டை நெருப்பு யுகம் என்று சொன்னால் அதுவும் அச்சாகப் பொருந்திவிடுகிறது, சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே பொருந்துகிறது! நிராயணத்தில் நிலத்துக்கான மாற்றம் 1921இல் கன்னியில் நடந்த சேர்க்கையோடுதான் தலைகாட்டுகிறது. 1940–41இலும் 2000இலும் மீண்டும் மேஷத்துக்குப் போய், 2020இல் மகரத்துக்கு வந்து நிற்கிறது. அதாவது ஒரு தரப்புக்கு நில யுகம் முடிந்த அதே மாலையில் மறு தரப்புக்கு அது உறுதிப்படுகிறது. வானத்தில் நடந்தது ஒரே சம்பவம். இரண்டு விளக்கங்களும் வரலாற்றோடு ஒத்துப்போகின்றன என்றால், ஒத்துப்போவது அங்கே சான்றாகாது.

அயன சலனத்தை வைத்துக் கட்டிய கும்ப யுகக் கொள்கையின் நிலை இதைவிடத் தளர்வானது என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்லி நகர்கிறேன். பூமியின் அச்சு பம்பரத்தின் தலையாட்டம் போல மெல்லச் சுழல்வதால் சம இரவுப் புள்ளி 72 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. முழுச் சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டுகள். அந்தப் புள்ளி மீனத்திலிருந்து கும்பத்துக்குள் நுழைந்ததும் மனிதகுலம் விழிப்படையும் என்பது நம்பிக்கை. எப்போது நுழைகிறது? சர்வதேச வானியல் ஒன்றியம் 1928இல் ஏற்ற நட்சத்திர மண்டல எல்லைகளின்படி 2600 வாக்கில். லாஹிரி அயனாம்சம் 30 பாகையைத் தொடும் நாளை எல்லையாகக் கொண்டால் 2440 வாக்கில். அது 1960களிலேயே விடிந்துவிட்டது என்று பாடிக்கொண்டாடியவர்களுக்கு இந்தக் கணக்குகளில் எதுவும் தேவைப்படவில்லை.

யுகக் கணக்குதான் என்னை நீண்ட நேரம் நிறுத்திவைப்பது, ஏனெனில் ஆன்மிகப் பரிணாமம் என்ற கேள்வி நேரடியாக எழுவது அங்கேதான். புராண மரபு சொல்வது பரிணாமத்தை அன்று, வீழ்ச்சியை. கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று 4:3:2:1 என்ற விகிதத்தில் காலமும் தர்மமும் ஒன்றாகத் தேய்கின்றன. ஆனால் இந்த மரபுக்குள்ளேயே இருந்த ஆரியபட்டர் நான்கு யுகங்களையும் 10,80,000 ஆண்டுகள் கொண்ட சமமான கால்பாகங்களாகப் பிரித்தார். ஸ்மிருதிக்கு மாறானது என்று 628இல் பிரம்மகுப்தர் அவரைக் கடிந்தெழுதினார். ஆரியபட்டருக்குக் கலி ஒரு கடிகாரம், அவ்வளவுதான். கலியில் 60க்கு 60, அதாவது 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவர் குறிப்பிடுவது கி.பி. 499ஐச் சுட்டுகிறது. காலம் கெட்டுவிட்டது என்ற புலம்பலுக்கு அந்தக் குறிப்பில் இடமே இல்லை.

கி.பி. 499 என்ற இந்த ஆண்டை மறந்துவிட வேண்டாம். 1894இல் சுவாமி ஸ்ரீ யுக்தேஸ்வர் யுகக் கணக்கை அடியோடு மாற்றியமைத்தார். தேவ ஆண்டு என்று 360ஆல் பெருக்கியது பிற்காலப் பிழை என்றும், நான்கு யுகங்களும் சேர்ந்து 12,000 சாதாரண ஆண்டுகளே என்றும், அவை ஒருமுறை இறங்கி மறுமுறை ஏறி 24,000 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன என்றும் அவர் வகுத்தார். இறங்கும் கலி கி.மு. 701இல் தொடங்கி கி.பி. 499இல் அடித்தளத்தைத் தொட்டது. ஏறும் கலி 1699 வரை நீடித்தது. அதன்பின் ஏறும் துவாபரம். மின்சாரமும் நுண்பொருள் அறிவும் அந்தத் துவாபரத்தின் அடையாளங்கள். வீழ்ச்சியை மட்டுமே பேசிய மரபுக்குள் ஏற்றத்தைக் கொண்டுவந்த அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் கணக்கில் மனித அறிவு மிகமிக இருண்டு கிடந்த ஆண்டுதான், பூமி தன் அச்சில் சுழல்கிறது என்று எழுதவிருந்த ஓர் இளைஞருக்கு 23 வயது நிரம்பிய ஆண்டு.

இது ஒரு தனிமனித விதிவிலக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1949இல் மனித ஆன்மிக வரலாற்றின் அச்சுக் காலம் என்று கி.மு. 800 முதல் 200 வரையிலான காலத்தைக் குறித்தார். புத்தரும் மகாவீரரும், கன்பூசியசும் சாக்ரடீசும் அந்தக் காலத்தவர்கள். ஏறக்குறைய அந்தக் காலம் முழுவதும் ஸ்ரீ யுக்தேஸ்வரின் இறங்கும் கலிக்குள் அடங்கிவிடுகிறது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடிய நூற்றாண்டுகளோ ஏறும் கலிக்குள் வருகின்றன; அவருடைய அளவுகோலின்படி அதுவும் பருப்பொருளைத் தாண்டி அறிவு எட்டாத காலம்தான். மறுபுறம், யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் கி.மு. 570களில் நெருங்கிக் கூடியதே அச்சுக் காலத்துக்குக் காரணம் என்று இன்றைய மேற்கத்திய ஜோதிடர்கள் கொண்டாடுகிறார்கள். ஒரே நூற்றாண்டு ஒரு ஜோதிடத்தில் அந்தகாரம், இன்னொன்றில் உதயம். எதை ஆன்மிக வளர்ச்சி என்று கொள்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

ஏற்றம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் எல்லா இடங்களிலும் ஒருசேர எழுந்ததும் தற்செயல் அன்று. டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபின் வளர்ச்சி, படிநிலை, முன்னேற்றம் என்பவை படித்தவர்களின் அன்றாடப் பேச்சாயின. 1875இல் நியூயார்க்கில் பிறந்த பிரம்மஞான சபை, மனித இனங்களையே ஆன்மிகப் படிக்கட்டாக அடுக்கியது. அந்த அடுக்கில் யார் மேலே, யார் கீழே என்று கேட்டால் கிடைக்கும் விடை அருவருப்பானது; விண்ணியல் மொழியில் சொல்லப்பட்டதாலேயே அது மரியாதை பெற்றது. வரப்போகும் உலக ஆசானாக அந்தச் சபையினர் வளர்த்தெடுத்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, தமக்காக அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்ட் 3 அன்று தாமே கலைத்தார். யுகம் ஆசானைத் தரும் என்ற எதிர்பார்ப்பை அந்த ஆசானே மறுத்த நிகழ்ச்சி அது.

இத்தகைய திட்டங்களை வகுத்தவர்கள் பெரும்பாலும் தங்கள் காலத்தை யுகம் மாறும் இணைப்புக் காலமான யுக சந்திக்கு மிக அருகில் வைத்துக்கொள்வதையும் பார்க்கிறோம். பியர் தாய்யிக்குத் திருச்சபைப் பிளவு; ஸ்ரீ யுக்தேஸ்வருக்கு, துவாபரத்தின் 200 ஆண்டு சந்தி முடிய அவர் எழுதும்போது ஐந்து ஆண்டுகளே மீதம்; 2020இல் பேசியவர்களுக்குக் கொள்ளைநோய். ஒன்றுமே மாறாத சலிப்பான நடுக்காலம் ஒன்றில் வாழ்கிறோம் என்று கணித்துச் சொன்ன உலகியல் ஜோதிடரை நான் இதுவரை படித்ததில்லை. நடுவில் வாழ்வதற்கு யாருக்கும் விருப்பமில்லை போலும்.

இவ்வளவு ஐயங்களுக்குப் பிறகும் இந்தத் துறையை நான் மூடிவைக்காததற்குக் காரணம், அதன் மிகச் சிறந்த மறுப்பு மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான். விஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சத்தில் ஒரு காட்சி வருகிறது. ஐயம் கேட்க வந்த முனிவர்கள் கரையில் காத்திருக்க, கங்கையில் நீராடிக்கொண்டிருந்த வியாசர் மூழ்கி எழும்போதெல்லாம் கலி நல்லது என்றும், சூத்திரர்கள் நல்லவர்கள் என்றும், பெண்கள் நல்லவர்கள் என்றும் உரக்கச் சொல்கிறார். முனிவர்கள் தாங்கள் கேட்க வந்ததை விட்டுவிட்டு இதன் பொருளைக் கேட்கிறார்கள். கிருத யுகத்தில் பத்து ஆண்டுகளில் அடைவதைத் திரேதத்தில் ஓராண்டிலும், துவாபரத்தில் ஒரு மாதத்திலும், கலியில் ஒரு பகலும் இரவும் கொண்ட ஒரே நாளிலும் அடையலாம் என்கிறார் வியாசர். தியானத்தாலும் வேள்வியாலும் அர்ச்சனையாலும் முன்பு கிடைத்த பயன், கலியில் கேசவன் பெயரைச் சொல்வதாலேயே கிடைக்கும் என்றும் விளக்குகிறார்.

யுகங்கள் தேய்வதை அந்தப் புராணம் மறுக்கவில்லை. அதே நூலில் கலியின் கேடுகள் பக்கம் பக்கமாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. அது மறுப்பது, காலத்தின் தரமே மனிதனின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்ற அனுமானத்தை. சமூக அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களையும் யுகங்களின் அடுக்கில் கீழே வைக்கப்பட்ட கலியையும் ஒரே மூச்சில் சொன்னதில் ஒரு கூர்மை இருக்கிறது, அந்தப் பகுதி தரும் விளக்கத்தில் வருணக் கடமைகளின் வாடை வீசினாலும்.

அடுத்த குரு–சனி சேர்க்கை 2040 அக்டோபர் 31 அன்று நிகழும். சாயனத்தில் அது துலாம், காற்று ராசி; நிராயணத்தில் கன்னி, நில ராசி. அதற்கடுத்த 2060ஆம் ஆண்டுச் சேர்க்கை சாயனத்தில் மிதுனம், நிராயணத்தில் ரிஷபம். 1842இல் தொடங்கிய நான்கு சேர்க்கைகளைப் போலவே இங்கும் இரு முறைகளும் இரு வேறு பூதங்களைக் காட்டுகின்றன; எனவே இரு தரப்பினரும் காற்று யுகத்தில் என்ன நடக்க வேண்டும், எது நடந்தால் அது காற்று யுகம் அன்று என்பதையும், நில யுகத்துக்கு அவ்வாறே உரியவற்றையும் இப்போதே எழுதி வெளியிட்டுவிட்டால், 2060க்குள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.